பத்து விரலிலும் காத்தாடிக் கம்பெனி

அப்பாவின் இடது கட்டைவிரல் நகம் ரசத்தில் விழுந்து மிளகோடு மிளகாக மிதந்தபோது அம்மா சொன்னது ஒன்றுதான்: "பாத்துங்க, முழுங்கிப்போடாதீங்க."

அப்பா முழுங்கவில்லை. கரண்டியால் அதை ஒதுக்கித் தட்டின் விளிம்பில் வைத்துவிட்டு, மிச்ச ரசத்தை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டு முடித்தார், ஏனென்றால் அந்தக் கையின் மற்ற நான்கும் இப்படித்தான் போயிருந்தன, ஒன்று பஸ் ஸ்டாண்டில், ஒன்று குளிக்கும்போது, ஒன்று தலையணை உறைக்குள், ஒன்று எங்கே விழுந்தது என்றே தெரியாமல், இதோடு இடது கை முடிந்தது. ரத்தம் வராது. வலிக்கவும் வலிக்காது. நகம் இருந்த இடம் உரித்த நுங்கு மாதிரி வழுவழுவென்று ஆகிவிடும், அவ்வளவுதான். அம்மா அந்த நகத்தைக் கரண்டியில் ஏந்தி, இன்னொரு கையால் சுவரைப் பிடித்து, முட்டி மடங்காமல் ஒவ்வொரு காலாக இழுத்து வாசல்வரை போய்ச் சாக்கடையில் போட்டுவிட்டு வந்தாள். வீட்டுக்குள் நகம் கிடந்தால் சண்டை வருமாம். வலது கையில் ஐந்து நகம் பாக்கி இருந்தது. ஐந்தும் சிவப்பு. அந்த ஐந்துதான் அம்மாவின் ஒரு முட்டி.

அப்பா பேர் சென்னியப்பன். உடுமலை பல்லடம் ரூட்டில் கண்டக்டராக இருந்து ரிடையர் ஆனவர், ஊருக்கே கண்டக்டரண்ணன். அம்மா பழனாத்தாள் நூல் மில்லில் நின்றுகொண்டே வேலை பார்த்து, நின்றுகொண்டே சாப்பிட்டு, நின்றுகொண்டே என்னை வயிற்றில் சுமந்து, கடைசியில் இரண்டு முட்டியும் தேய்ந்துபோனவள். கோயம்புத்தூர் டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி, எலும்பும் எலும்பும் உரசுது, ரெண்டு முட்டியும் மாத்தணும் என்றார். அப்பாவுக்கு வந்த செட்டில்மென்ட் பணத்தில் லோன் பிடித்தது போக நின்றது ஒரு முட்டிக்குச் சரியாக இருந்தது. வேறு யாராக இருந்தாலும் ஒரு முட்டியை மாற்றிவிட்டு அடுத்ததற்கு அப்புறம் பார்த்திருப்பார்கள். அப்பா அப்படி இல்லை.

"ஒரு டயர் புதுசு, ஒரு டயர் மொட்டைன்னா வண்டி ஒரு பக்கமா இழுக்கும் அம்மிணி. போட்டா ரெண்டும் ஒண்ணாப் போடோணும்" என்றார்.

அதனால் அந்த ஒரு முட்டியை இரண்டு முட்டியாக்க, பணம் முழுவதையும் ஒரே கம்பெனியின் பங்கில் போட்டார். அந்தக் கம்பெனிக்கு இங்கிலீஷில் நீளமாக ஒரு பேர் இருக்கிறது, காற்றாலை வைத்துக் கரண்டு எடுக்கிற கம்பெனி, எங்கள் ஊரில் அதற்குப் பேர் காத்தாடிக் கம்பெனி. ஏன் அது என்றால், பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வந்து நுழைகிற ஊர் எங்களுடையது, குடிமங்கலம் தாண்டினால் ரோட்டின் இரண்டு பக்கமும் காத்தாடிதான், அப்பா தன் சர்வீஸ் முழுக்க பஸ் படியில் நின்று அவை சுற்றுவதைப் பார்த்தவர். எங்கள் ஊர்க்காரர்கள் ஒரு கம்பெனியை வாங்கலாமா வேண்டாமா என்று கணக்கு வழக்கைப் பார்த்து முடிவு செய்வதில்லை, பைக்கை எடுத்துக்கொண்டு குடிமங்கலம்வரை போய், காத்தாடி வேகமாகச் சுற்றினால் வாங்குவார்கள், நின்றுகொண்டிருந்தால் டீ குடித்துவிட்டுத் திரும்புவார்கள். வைகாசியில் காற்று கிளம்பினால் அந்த ரோட்டில் பைக் கூட்டம் தேர்த் திருவிழா மாதிரி இருக்கும்.

ஜெயக்கொடி அக்கா ஒருவர்தான் அப்பாவிடம் வேண்டாம் என்று சொன்னவர். மெடிக்கல் கடை மாடியில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு டேபிள் பேன் வைத்துக்கொண்டு ஊருக்கு மியூச்சுவல் பண்டு போட்டுக் கொடுக்கிறவர், முன்னால் இன்சூரன்ஸ் ஏஜென்ட்டாக இருந்தவர். அப்பாவோடு நானும் போயிருந்தேன்.

"முட்டிக்குன்னு வெச்ச பணமுங்கண்ணா. ரெண்டு மூணு வருசத்துக்குள்ள வேணுங்கற பணத்த ஷேர் பக்கமே கொண்டாரக் கூடாது. பாங்க்குல கெடக்கட்டும்."

"பாங்க்குல போட்டா அது எப்பம்மா ரெண்டாகறது? நாங் கண்ண மூடுனதுக்கப்பறமா?"

"அப்ப ஒரு பங்கு பாங்க்கு, ஒரு பங்கு பண்டு, கொஞ்சூண்டு தங்கம்னு பிரிச்சாச்சும் போடுங்க. நீங்க பஸ்ல எப்புடிங்க நோட்ட வெச்சிருப்பீங்க? பத்து ரூவா ஒரு விரலிடுக்குல, இருவது ஒரு இடுக்குல, அம்பது ஒரு இடுக்குல, நீட்டமா மடிச்சு. எல்லாத்தையும் ஒரே இடுக்குலயா சொருகுவீங்க?"

அப்பா சிரித்தார். "அது கவருமெண்ட்டுப் பணம், பிரிச்சு வெச்சேன். இது என்ற பணம்."

"அண்ணா, இன்னொண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. நீங்க பாக்கற அந்தக் காத்தாடி இந்தக் கம்பெனியுது இல்லீங்க. அது ஒரு மில்லுக்காரருது."

"யாருதா இருந்தா என்னம்மா? காத்து ஒண்ணுதானே" என்று சொல்லிவிட்டு அப்பா செருப்பை மாட்டினார்.

இது தை மாதம். நகம் நிறம் மாறத் தொடங்கியது பங்குனியில், ஒரு திங்கட்கிழமை, காலை ஒன்பதே கால் மணிக்கு, பங்குச் சந்தை திறந்த அதே நிமிஷத்தில். நான் பள்ளிக்கூடம் போதும் என்று ப்ளஸ் ஒன் பாதியில் நின்றுவிட்டு, குழந்தைவேலு அண்ணனின் பேக்கரியில் கல்லாவுக்குப் பக்கத்தில் பன்னும் தேங்காய் பிஸ்கட்டும் நிறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன், அதனால் கண்ணால் பார்த்தேன். குழந்தைவேலு அண்ணன் சில்லறை எண்ணும்போது அவர் கட்டைவிரல் நகம் பச்சையாக இருந்தது. கேக்குக் கலர் ஒட்டிக்கொண்டது என்று சோப்புப் போட்டுக் கழுவினார், போகவில்லை, மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தார், இன்னும் பளபளப்பானது. டீ குடித்துக்கொண்டிருந்தவர்களுக்கும் அப்படித்தான், ஒருவருக்கு ஒரு விரல் பச்சை, அடுத்த விரல் சிவப்பு, இன்னொருவருக்கு நான்கு சிவப்பு ஒரு பச்சை. யாரும் கத்தவில்லை. டீயும் ஆறவில்லை. பன் வாங்க வந்த ஜெயக்கொடி அக்கா அந்தக் கைகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "இது உங்க பாங்க் ஷேருங்கண்ணா, இன்னைக்கு ஏறியிருக்குது, அந்தச் சிவப்பு சிமெண்ட்டு" என்று சொல்லிவிட்டுப் பன்னை வாங்கிக்கொண்டு போனார். அவ்வளவுதான் விளக்கம். அதற்கு மேல் யாரும் விளக்கம் கேட்கவும் இல்லை, வாங்கிய வரிசைப்படி வலது கட்டைவிரலிலிருந்து ஆரம்பிக்கிறது என்பதும், பதினோராவது பங்கு வாங்கினால் கால் விரலுக்குப் போகிறது என்பதும், பண்டு போட்டவர்களுக்கு வெளிர்பச்சையில் ஒரு மங்கல், தங்கம் வைத்திருந்தால் நக விளிம்பில் மஞ்சளாக ஒரு கோடு, பாங்க்கில் மட்டும் போட்டவர்களுக்கு நகம் வெறும் நகமாகவே இருக்கும் என்பதும் அந்த வாரத்துக்குள் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரிந்துவிட்டது. ஜெயக்கொடி அக்காவின் நகம் பத்தும் கழுவாத கண்ணாடி டம்ளர் மாதிரி மங்கலான பச்சை, என்ன ஆனாலும் பெரிதாக ஏறாது, பெரிதாக இறங்காது, பார்த்தாலே கொட்டாவி வரும். அப்பா இருந்த பணம் முழுவதையும் ஒரே பங்கில் போட்டதால் பத்து விரலும் அதற்கே. பத்தும் பச்சை, கிளிப்பச்சை, நனைந்த பச்சை, வாசலில் நின்று வெயிலில் கையை நீட்டினால் எதிர்வீட்டுச் சுவரில் அதன் வெளிச்சம் விழும்.

ஊர் பழகிக்கொண்டது. ஒருவரை ஒருவர் பார்த்தால் "சாப்பிட்டாச்சா" என்று கேட்பது போய் "கையக் காட்டு" என்றானது. வெள்ளிக்கிழமை நகம் வெட்டக் கூடாது, செவ்வாய்க்கிழமை வெட்டக் கூடாது, விளக்கு வைத்த பிறகு வெட்டக் கூடாது என்று ஏற்கெனவே இருந்தது, இப்போது சந்தை நடக்கிற நாளில் வெட்டினால் அந்த அளவுக்குப் பங்கு குறையுமோ என்று பயந்து யாரும் வெட்டவில்லை, சனிக்கிழமையும் ஆகாது, ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்தான் மிச்சம், அன்றைக்கு ஊரெங்கும் டிக் டிக் என்று நகவெட்டிச் சத்தம் கேட்கும். புருசனுக்குத் தெரியாமல் சீட்டுப் பணத்தில் பண்டு போட்டிருந்த பொம்பளைகளும், பொண்டாட்டிக்குத் தெரியாமல் ஆப்ஷன்ஸ் என்று பங்கு விலை மேல் பந்தயம் கட்டி ஆடிக்கொண்டிருந்த ஆம்பளைகளும் மாட்டிக்கொண்டார்கள், அதிலும் ஆப்ஷன்ஸ்காரர்களின் நகம் கோவில் சீரியல் லைட் மாதிரி விட்டுவிட்டு மின்னும், அவர்கள் சித்திரை வெயிலிலும் பைக் ஓட்டுகிற கையுறையை மாட்டிக்கொண்டு இட்லி சாப்பிட்டார்கள். நகப்பாலீஷ் அடித்துப் பார்த்தார்கள், மேலே கறுப்பு அடித்தாலும் காலையில் சிவப்பு மேலே வந்துவிட்டது. பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளை காபி டம்ளரைப் பிடிக்கிற பிடியைப் பெண்வீட்டார் உற்றுப் பார்த்தார்கள். வெறும் நகக்காரர்கள் முதலில் கையைப் பாக்கெட்டுக்குள் ஒளித்தார்கள், சந்தை இறங்கிய ஒரு வாரம் மட்டும் வெளியே எடுத்து ஆட்டி ஆட்டிப் பேசினார்கள். ஆஸ்பத்திரியில் விரலில் மாட்டி மூச்சுப் பார்க்கிற கருவி சிவப்பு நகத்தில் ஒரு எண், பச்சை நகத்தில் ஒரு எண் என்று காட்டியதால், மூச்சு வாங்கிக்கொண்டு வந்தவர்களிடம் நர்ஸம்மா "மூணரை மணிக்கு மார்க்கெட் மூடட்டுமுங்க, அப்பறமேட்டுக்கு வாங்க" என்று சொல்லி அனுப்பினார். யாருக்கும் இதெல்லாம் தப்பாகத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை, அப்பாவின் கை பச்சையாக இருந்தது, அம்மா தினமும் காலையில் அதைப் பார்த்துவிட்டுத்தான் சுவரைப் பிடித்து எழுந்தாள்.

ஆடி பிறந்ததும் எல்லாம் தலைகீழானது.

எங்கள் ஊரில் முக்கால்வாசிப் பேர், தங்கள் பேரில் கொஞ்சம் வைத்துக்கொண்டு, மிச்சப் பங்கும் பண்டும் பொண்டாட்டி பேரில்தான் போடுவார்கள், ராசியாம். அதனால் அதன் நிறம் மாறுவதும் பொண்டாட்டி விரலில்தான். முதல் ஆடி வெள்ளிக்கு மாரியம்மன் கோவிலில் வளையல் சாத்து. அதற்கு முந்தின நாள் பெண்களெல்லாம் மருதாணி அரைத்து விரல் நுனிக்குத் தொப்பி வைத்து, காலையில் கழுவிவிட்டு, பாலீஷ் மாதிரி மேலே நிற்காமல் நகத்துக்குள்ளேயே ஊறிய மருதாணியில் வெற்றிலைச் சாறு மாதிரி சிவந்த விரலோடு கோவிலுக்குப் போய்க் கையைத் தூக்கிக் கும்பிட்டார்கள். யாரோ அதைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் போட்டுவிட்டார்கள். நூறு கை இருக்கும். நூறும் சிவப்பு. மத்தியானம் பேக்கரியில் அந்தப் போட்டோ ஒரு போனிலிருந்து அடுத்த போனுக்குப் போக, ஒவ்வொருத்தரும் பெரிதாக்கிப் பெரிதாக்கித் தன் வீட்டு வளையலைத் தேடிக் கண்டுபிடித்து, "போச்சு, எல்லாம் போச்சு, பாரு, என்ற பொண்டாட்டிக்கு விரல் பூராவும் இறங்கிருச்சு" என்று பதறி, விலை என்ன என்றுகூடப் பார்க்காமல், இருந்ததையெல்லாம் விற்றார்கள். ஜெயக்கொடி அக்கா மாடிப்படியில் தடதடவென்று இறங்கி ஓடிவந்து, "அது மருதாணிங்க! ஏனுங்க, கேளுங்க, மருதாணிங்க!" என்று ரோட்டில் நின்று கத்தினார். யாரும் காதில் வாங்கவில்லை. குழந்தைவேலு அண்ணன் பொண்டாட்டி பேரில் வைத்திருந்த பண்டு ஏழையும் விற்றுவிட்டுக் கேக் ஷெல்ப் மேல் தலையைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டார். அடுத்த வாரம் சந்தை ஏறியது, அதற்கடுத்த வாரமும் ஏறியது, பெண்களுக்கு மருதாணி வெளுத்து உள்ளே வெறும் நகம் தெரிந்தது.

அப்பா மட்டும்தான் அன்றைக்கு விற்கவில்லை. ஏன் விற்கவில்லை என்றால், அன்றைக்கு மத்தியானம் மோர்க்குழம்பு சாப்பிட்டுவிட்டு, போனைச் சார்ஜில் போட்டுவிட்டு, பேனுக்குக் கீழே தூங்கிக்கொண்டிருந்தார். இது எனக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும். ஊருக்கு இது தெரியவில்லை. ஊருக்குத் தெரிந்தது, எல்லாரும் விற்றபோது கண்டக்டரண்ணன் அசையவில்லை என்பதுதான். சந்தை ஏறத் தொடங்கியதும் எங்கள் வீட்டு வாசலில் செருப்பு குவிய ஆரம்பித்தது. பண்டு போடலாமுங்களா, எடுக்கலாமுங்களா, தங்கம் இருக்குது அதக் கொடுத்துட்டு வாங்கலாமுங்களா, பையன் காலேஜுப் பணத்துல பாதியப் போடட்டுங்களா என்று கேட்டார்கள், அப்பா எதற்கும் வாயைத் திறக்காமல் இரண்டு கையையும் மேஜை மேல் விரித்து வைப்பார், அந்தப் பச்சையைப் பார்த்துவிட்டு அவர்களே பதிலையும் கண்டுபிடித்துக்கொண்டு, ஆளுக்கு ஒரு விரலுக்குக் காத்தாடிக் கம்பெனி வாங்கிக்கொண்டு போனார்கள். முதல் இரண்டு நாள் அப்பாவுக்குக் கூச்சமாக இருந்தது. மூன்றாவது நாள், "விக்காம இருக்கறதுக்குத்தான்யா தெம்பு வேணும்" என்று சொன்னார். தூங்கினேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் சொல்ல வாயெடுத்தேன், "நீ போயி எல்லாருக்கும் டீ வெச்சுட்டு வா கண்ணு" என்றார்.

ஆடிக் கடைசியில், காற்று ஓட்டைப் பிய்த்துக்கொண்டு அடித்த ஒரு நாளில், அப்பாவின் பத்து நகமும் கறுப்புக்குப் பக்கத்தில் போன பச்சையாக, வாழைப்பட்டைத் தண்ணீரில் ஊறின மாதிரி ஆனது. ஜெயக்கொடி அக்கா வீட்டுக்கே வந்துவிட்டார். உட்காரக்கூட இல்லை.

"அண்ணா, நாங் கணக்குப் போட்டுட்டேன். ரெண்டு முட்டி ஆயிருச்சு. ஆஸ்பத்திரி ரூமுக்குங்கூட ஆகும். நாளைக்குக் காலைல வித்துப்போடுங்க."

அம்மா சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. "அக்கா, ரெண்டுங்களா?" என்று கேட்டாள், "ரெண்டுமேங்களா?"

"ரெண்டும்தானுங்க" என்றார் ஜெயக்கொடி அக்கா.

அப்பா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாசலில் செருப்பு கிடந்தது, ஐந்தாறு பேர் உள்ளே பார்த்துக்கொண்டு நின்றார்கள், கண்டக்டரண்ணன் விற்றால் தாங்களும் விற்க, விற்காவிட்டால் தாங்களும் இருக்க. அவ்வளவு பேர் பார்க்கும்போது அப்பாவால் விற்கிறேன் என்று சொல்ல முடியவில்லை, எனக்கு அது அப்போதே தெரிந்தது, அம்மாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும், அவள் நிலையை விட்டுவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள். "ஆவணி போகட்டும். காத்து இன்னும் அடிக்குதல்ல" என்றார் அப்பா. வாசலில் நின்றவர்கள் தலையாட்டினார்கள்.

ஆவணியில் டிவியில் காத்தாடிக் கம்பெனியின் கணக்கில் ஏதோ கோளாறு என்று சொன்னார்கள். என்ன கோளாறு என்று எனக்குப் புரியவில்லை, சொன்னவருக்கும் புரிந்த மாதிரி தெரியவில்லை. அடுத்த நாள் காலை சந்தை திறந்தபோது அப்பாவின் பத்து நகமும் ஒரே நிமிஷத்தில் சிவந்தன. விற்கலாம் என்றால் வாங்க ஆள் இல்லை. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் இறங்கலாம் என்று ஒரு அளவு வைத்திருக்கிறார்களாம், திறந்த உடனே அந்த அளவுக்கு இறங்கிப் பூட்டிக்கொள்ளும், விற்கிறவர்கள் லட்சக்கணக்கில் வரிசையில் நிற்பார்கள், வாங்குகிற பக்கம் ஒரு ஈ காக்கை இருக்காது. மறுநாளும் அதே. அதற்கு மறுநாளும். நான் அந்த வாரம் பைக்கில் பின்னால் உட்கார்ந்து அப்பாவோடு குடிமங்கலம் போனேன், காத்தாடியெல்லாம் வானம் கிழிகிற மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது, ஒன்றுகூட நிற்கவில்லை, அப்பா ஹெல்மெட்டைக் கழற்றாமல் ரொம்ப நேரம் அதைப் பார்த்தார். "சுத்துதல்லம்மிணி? நல்லாத்தான சுத்துது?" என்றார். நான் "அது மில்லுக்காரருதுப்பா" என்றேன். திரும்பி வருகிற வழியில் பஸ் ஸ்டாண்ட் பக்கம் முதல் நகம் விழுந்தது.

ஊரில் மற்றவர்களுக்கும் விழுந்தது, ஆனால் அவர்களுக்கு ஆளுக்கு ஒரு விரல்தான். குழந்தைவேலு அண்ணனுக்கு நடுவிரல். மிச்ச ஒன்பது விரலால் அவர் பன் எடுத்துக் கொடுத்துக்கொண்டு நன்றாகத்தான் இருந்தார். யாரும் அப்பாவைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அதற்குப் பதிலாக எழவு விசாரிக்க வருகிற மாதிரி வந்தார்கள், ஆம்பளைகள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்தார்கள், பொம்பளைகள் உள்ளே போய் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முட்டியைத் தடவிக் கொடுத்தார்கள், போகும்போது போய்ட்டு வர்றோம் என்று சொல்லாமல் எழுந்து போனார்கள். ஒருவர் ஹார்லிக்ஸ் வாங்கி வந்திருந்தார். குழந்தைவேலு அண்ணன் அப்பாவின் இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, அந்த வழுவழு விரல் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்துவிட்டு, "மாமா, இந்தக் கைல ஒரு ஆரஞ்சு உரிக்க முடியுங்களா?" என்று கேட்டார்.

"முடியலடா மாப்பள" என்றார் அப்பா. "கீழ விழுந்த காசக்கூட எடுக்க முடியல. வழுக்குது."

ரசத்தில் கட்டைவிரல் நகம் விழுந்தது அந்த வாரம்தான். அன்றைக்கு அம்மா சாக்கடையில் அதைப் போட்டுவிட்டு வந்து, சுவரோரமாக நின்றபடியே சொன்னாள்: "ரெண்டு வேண்டாமுங்க மாமா. ஒண்ணு போதும். ஒரு கால இழுத்துட்டு நடந்துக்கறேன். பத்து எட்டு வெச்சா கக்கூசு வருது, அத நானாப் போயிட்டு வந்தாப் போதும்." அப்பா எச்சில் கையோடு அழுதார். அழுதுகொண்டே, "வித்தர்றேன் பழனி, நாளைக்கு வித்தர்றேன், எவனாச்சும் வாங்க வந்தாப் போதும், கெடைக்கற வெலைக்குத் தள்ளிப்போடறேன்" என்றார். பொய் இல்லை. அன்றையிலிருந்து தினமும் காலையில் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு, சந்தை திறக்கிறதற்கு முன்பே போனைப் பிடித்துக்கொண்டு உட்காருவார், போன் அவர் வலது கட்டைவிரலை வைத்தால்தான் திறக்கும், விற்கிறதற்கும் இன்னொரு தடவை அதே விரலை வைக்க வேண்டும், வைப்பார், விற்கப் போடுவார், வரிசையில் கடைசியில் போய் நிற்கும், சாயங்காலம் மூணரைக்கு விற்கவில்லை என்று திரும்பி வரும். அதற்குள் ஒரு நாளைக்கு இறங்குகிற அந்த அளவை ரொம்பக் குறைத்துவிட்டார்களாம், அதனால் வேறு நகம் விழவில்லை. மறுநாளும் திருநீறு. மறுநாளும் விரல். யாரிடம் போய் முறையிடுவது? ஜெயக்கொடி அக்காவிடம் கேட்டேன், "நீங்க யாருகிட்டயாச்சும் சொல்லி ஒருத்தர வாங்க வைக்க முடியாதாக்கா?" என்று. "எனக்கு அந்தப் பக்கம் யாரு இருக்கறாங்கன்னே தெரியாது கண்ணு" என்றார். அவர் சொன்னதிலேயே எனக்கு ரொம்பப் பயமாக இருந்தது அதுதான்.

அப்புறம் புரட்டாசியில் ஒரு காலை. அப்பா திருநீறு பூசி உட்கார்ந்திருந்தார், அம்மா சுவரில் சாய்ந்து நின்றாள், நான் பேக்கரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அம்மாவின் போன் அடித்தது, நான் எடுத்தேன். ஜெயக்கொடி அக்கா. மூச்சு வாங்கியது, ஓடிக்கொண்டே பேசுகிறார் என்று தெரிந்தது.

"ஸ்பீக்கர்ல போடு கண்ணு. கண்டக்டரண்ணா, கேக்குதுங்களா? பூட்டுத் தொறந்துருச்சு. வாங்க ஆள் வந்துருக்காங்க. யாருன்னு தெரியாது, எதுக்குன்னு தெரியாது, எத்தன நிமிசத்துக்குன்னும் தெரியாது. இப்பப் போட்டா உடனே போயிரும். ஒரு முட்டிக்குச் சரியா இருக்குது, நாங் கணக்குப் பாத்துட்டேன். வெரல வெய்யுங்க."

அப்பா போனை எடுத்தார். போனை எடுத்த அந்தக் கையை நாங்கள் மூன்று பேரும் பார்த்தோம். கட்டைவிரல் நகத்தின் அடியில், சதையோடு சேருகிற இடத்தில், சிவப்பு நீர்த்து, ஒரு கோடாகப் பச்சை எழும்பியது, சோளம் முளைக்கிற பச்சை. வாங்க ஆள் வந்தால் விலை ஏறும், ஏறினால் பச்சை வரும், அது அப்படித்தான், அதற்கு வேறு அர்த்தம் கிடையாது. பக்கத்து விரலிலும் கோடு வந்தது. அதற்குப் பக்கத்திலும். அப்பாவின் வாய் கொஞ்சம் திறந்துகொண்டது.

"பழனி, இங்க பாரு" என்றார்.

"பாத்தேனுங்க மாமா. வெய்யுங்க."

"வருது பாரு."

"அண்ணா, வெச்சுட்டீங்களா?" என்றது போன். "அண்ணா, வரிசை கொறையுது. வெய்யுங்கண்ணா."

நான் போனை அவர் கையிலிருந்து பிடுங்கி, திரையை அவர் விரலுக்கு நேராகப் பிடித்தேன். "அப்பா, வை." அவர் என்னைப் பார்க்கவில்லை. பச்சை அரை நகத்துக்கு வந்திருந்தது. கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கினார், அதன் மேல் நான்கு விரலையும் மூடினார், அதற்கு மேல் நகமில்லாத இடது கையைப் பொத்தினார், குளிர் காற்றில் தீக்குச்சியை மறைக்கிற மாதிரி. நான் அந்த விரல்களைப் பிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை, மூட்டை மூட்டையாகச் சில்லறை தூக்கிய கை. "அப்பா, வைப்பா" என்று கத்தினேன். அம்மா சுவரை விட்டுவிட்டாள், பிடிக்க ஒன்றும் இல்லாமல் இரண்டு எட்டு வைத்து அவர் முன்னால் வந்து நின்று, "வெய்யுங்க மாமா" என்றாள், மெதுவாக, குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற குரலில். போனிலிருந்து அக்காவும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

விரலை வைக்கச் சொன்னோம். அவ்வளவுதான் சொன்னோம். அவர் வைக்கவில்லை.